சாமான் தட்டு

அந்த மனிதருக்கு ஊரார் வைத்த பெயர் அரையிஞ்சு. அலமாரி செய்கிறவர். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் வீட்டுக்காரர் கையை விரித்து, "இங்க எங்கங்க இடம் இருக்கு?" என்று கேட்பார். இவர் சுவரில் கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இருக்குங்க. அரை இஞ்ச் இடிக்கும், அதை நான் பாத்துக்கறேன்" என்பார். முப்பது வருடமாக இதே வசனம். மாடிப்படிக்கு அடியில், கதவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு மேலே என்று கொஞ்சம் சந்து கிடைத்தால் போதும், அதற்குள் ஒரு குடும்பத்தின் துணிமணி முழுவதையும் அடைத்துக் கொடுத்துவிடுவார். இடம் இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கை பரபரக்கும்.

அவர் மனைவிக்கு டோக்கனம்மா என்று பெயர். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். அவள் வேலை இவருக்கு நேர் எதிர். கன்னம் வீங்கி, தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "இன்னைக்கு இடம் இல்லைங்க" என்று சொல்வாள். உண்மையிலேயே எள் போட இடமில்லாத நாளும் உண்டு. டாக்டர் ஏசியைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிற நாளும் உண்டு. இரண்டு நாளும் வாய் ஒன்றைத்தான் சொல்லும், குரல் மட்டும் மாறும். நிஜமாகவே இடம் இல்லாவிட்டால் எரிச்சலோடு, பட்டென்று வரும். பொய்யாக இருந்தால் கொஞ்சம் இழுத்து, கூடவே ஒரு காரணமும் ஒட்டிக்கொண்டு வரும். இது டோக்கனம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து அந்த வார்த்தை வந்தது.

மகள் கல்யாணமாகி இரண்டு நாள் பயண தூரத்தில் இருந்தாள். இருபத்தொன்பது வயது, இன்னும் பாப்பாதான். வாரா வாரம் அப்பா போன் போடுவார். மற்ற அப்பாக்கள் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று ஆரம்பிப்பார்கள். இவர் எடுத்தவுடனே, "பாப்பா, அலமாரிக் கதவு சரியா மூடுதா?" என்பார். அவளுக்காக ஒரு வருடத்து விடுமுறை நாள் முழுவதும் உட்கார்ந்து இழைத்த அலமாரி அது. நான்கு கதவு, உள்ளே மடக்கி இழுக்கிற இஸ்திரிப் பலகை, யாருக்கும் தெரியாத ஒரு குட்டி டிராயர். கழற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், மகளின் படுக்கையறைச் சுவரில் மூன்று நாள் இருந்து பொருத்திவிட்டு வந்தார். மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக வாய்க்கவில்லை.

"மூடுதுப்பா."

"மழைக்காலத்துல பிடிக்கும். பிடிச்சா மெழுகுவத்தி தேய்."

"சரிப்பா."

"நாங்க ஒரு நடை வரலாம்னு இருக்கோம் பாப்பா. அம்மாவுக்கும் லீவு சேர்ந்து கெடக்கு."

மகள் இழுத்தாற்போலச் சொன்னாள், "இப்ப இடமே இல்லப்பா... அவரோட தம்பி, தம்பி பொண்டாட்டி, அவங்க மாமியார்னு எல்லாரும் வந்து தங்கியிருக்காங்க. நீங்க வந்தா எங்க படுக்கறது? அப்புறம் பாக்கலாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டோக்கனம்மா சட்டென்று நிமிர்ந்தாள். இழுவை இருந்தது. காரணமும் ஒட்டிக்கொண்டு வந்தது. பொய். பெற்ற மகள், பெற்றவளிடமே டோக்கன் இல்லை என்கிறாள்.

அரையிஞ்சோ போனை வைத்துவிட்டு மோவாயைச் சொறிந்தார். "அவ சொல்றதும் ஞாயம்தான். ரெண்டு ரூம் வீட்டுல அத்தனை பேர் இருக்கறப்ப நாமளும் போய் நின்னா?"

"லாட்ஜ்ல தங்கிக்கலாமே," என்றாள் ஆழம் பார்க்க.

"பொண்ணு இருக்கற ஊர்ல லாட்ஜ்லயா? மாப்பிள்ளைக்கு எவ்வளவு அசிங்கம்!" அவர் கண் எங்கேயோ போயிருந்தது. கை இடுப்பிலிருந்த இஞ்ச் டேப்பைத் தடவிக்கொண்டிருந்தது. "இடம்தானே இல்ல? இடத்தை நாமளே கொண்டு போயிடுவோம்."

இந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள். மகள் நாசூக்காக வராதே என்கிறாள். இவர் அதைக் கணக்குப் புத்தகத்துக் கேள்வி மாதிரி எடுத்துக்கொண்டு விடை கண்டுபிடிக்கிறார்.

அடுத்த வாரமே வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பேக்கரி ஒன்று மூடிவிட்டுப் போகும்போது கழித்துப் போட்ட வண்டி. பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ஒரு ரொட்டி வரைந்திருந்தது. மெக்கானிக் வந்து படுத்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சின் கிழவிதான், ஆனா கல்லு மாதிரி இருக்கா. உடம்புதான் ஓட்டை" என்றார். உடம்பு ஓட்டை என்றால் அரையிஞ்சுக்குக் கொண்டாட்டம். அன்று மாலையே உள்ளே புகுந்து குனிந்து நிமிர்ந்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.

புதிதாக எதையும் வாங்குகிற உத்தேசம் அவருக்கு இல்லை. முப்பது வருடம் வேலை செய்த வீடுகளிலிருந்து கழித்த கதவு, மிஞ்சிய பிளைவுட், நிறம் பிடிக்கவில்லை என்று கழற்றிய பலகை எல்லாம் அவர் கொட்டகையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு விமோசனம் வந்தது. ஒரு டாக்டர் வீட்டு ஷோகேஸ் வேனில் பாத்திர அலமாரி ஆனது. ஒரு கல்யாண மண்டபத்து மேஜை படுக்கைப் பலகை ஆனது. டிவி வந்த அட்டைப் பெட்டிகளில் இருந்த தெர்மாகோலைச் சேர்த்து, சூடு இறங்காமல் இருக்கக் கூரைக்குள் ஒட்டினார். தண்ணீருக்குக் கேன், கேனுக்குக் கைப்பம்பு, பம்புக்குக் கீழே ஒரு எவர்சில்வர் பேசின். உள்ளே ஒன்பது நிறத்தில் லேமினேட். பார்த்தால் துணிக்கடை பொம்மைக்கு எல்லாச் சட்டையையும் ஒன்றாகப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் எந்தக் கதவும் முனகவில்லை, எந்த டிராயரும் பிடிக்கவில்லை.

டோக்கனம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வேன் வந்த நான்காம் நாளே, வேலை தொடக்கத்தில் இருந்தபோதே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி மாடியில் தண்ணீர் டாங்குக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பா வேன் வாங்கிட்டார்டி. உள்ளே வீடு கட்டறார். உன் வீட்டு வாசல்ல நிறுத்திப் படுத்துக்குவாராம்."

"அய்யோ!" என்றாள் மகள். "அம்மா, வேணாம்மா. இப்ப வர வேணாம். எப்படியாவது தள்ளிப் போடும்மா."

"ஏன்டி? என்ன விஷயம்?"

"இடம் இல்லம்மா. அவ்வளவுதான்."

"வாசல்லகூடவா இடம் இல்ல?"

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

அன்று மதியம் முழுவதும் டோக்கன் எண்ணை மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். ஏழாம் எண்ணுக்குப் பின் பதினேழு, அதற்குப் பின் மறுபடி ஏழு. மனசு அங்கே இல்லை. மகளுக்கு நாம் வேண்டாதவர்களாகிவிட்டோம், அதுதான் விஷயம் என்று முடிவு கட்டிவிட்டாள். கொழுந்தன் வீட்டார் கோட்டு சூட்டுப் போட்டவர்கள். அவர்கள் முன்னால் நகக்கண்ணில் பசையும் முடியில் மரத்தூளுமாக ஒரு அப்பா போய் நின்றால் கேவலம்! தம்பி பெண்டாட்டியின் மாமியாருக்குக்கூட அங்கே கட்டில் இருக்கிறது, நமக்கு வாசல்கூட இல்லை. தம்பி பெண்டாட்டியின் மாமியார் என்றால் மாப்பிள்ளையின் அம்மாவேதான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. பொய் சொல்லப் பழகாத பெண், அவசரத்தில் ஒரே ஆளை வேறு உறவு மாதிரி ஆக்கிச் சொல்லியிருந்தாள்.

அவளுடைய ரோஷத்தை அவள் எப்படியாவது விழுங்கிக்கொள்வாள். இந்த மனுஷர் என்ன ஆவார்? அவரே செய்த வேனை ஓட்டிக்கொண்டு போய், மகள் வாசலில் ஹாரன் அடித்து, மகள் முகத்தில் ஈயாடாமல் நிற்பதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே பாதியாகிவிடுவார். அது மட்டும் நடக்கக் கூடாது. வேன் முடியக் கூடாது. முடிந்தால்தானே கிளம்புவார்?

அன்றிலிருந்து டோக்கனம்மா குறை கண்டுபிடிக்கும் தொழிலில் இறங்கினாள்.

முதலில் எறும்பு. பேக்கரி வண்டி ஆயிற்றே, இடுக்கெல்லாம் சர்க்கரைத் தூள். சாரை சாரையாக வந்தது. "எறும்போட என்னால படுக்க முடியாதுங்க" என்றாள். மனுஷர் போட்ட தரையைப் பிரித்து, தகரத்தைக் கழுவி, இடுக்கை அடைத்து, மறுபடி தரை போட்டார். இரண்டு வாரம் போயிற்று.

பிறகு மெத்தை. "கல்லு மாதிரி இருக்கு, இடுப்பு போயிடும்." இரண்டு பழைய சோபாவின் பஞ்சை எடுத்துப் புது மெத்தை. பிறகு திரைச்சீலை. "இந்தப் பச்சை என் கண்ணை உறுத்துது." அவர் முகம் சுளிக்கவில்லை. இத்தனை வருடமும் ஊரார் வீட்டு மனைவிமார்களின் குறைகளைக் கேட்டுப் பழகியவர். சொந்த மனைவி வாய் திறந்து அது வேண்டும் இது வேண்டாம் என்று சொல்வதை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். அதில் ஒரு பூரிப்பு வேறு. "சொல்லு, சொல்லு, இன்னும் என்ன? இப்பவே சொல்லிடு" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்க்கும்போது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வரும்.

நான்காவது குறைக்கு அவள் தன் கையையே இழுத்தாள்.

"அடுப்பு இடது ஓரமா இருக்கு. நான் இடது கைக்காரி. கரண்டி சுவத்துல இடிக்கும்."

அரையிஞ்சு அப்படியே நின்றுவிட்டார். பிறகு தலையில் மடேரென்று அடித்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம்! முப்பத்தோரு வருஷம் உன் கையால சாப்பிட்டிருக்கேன்! வீட்டு அடுப்பும் இப்படித்தானே இருக்கு? ஏன்டி சொல்லல?"

"கேட்டீங்களா?"

அது குறை கண்டுபிடிக்கச் சொன்னது அல்ல, தானாக வாயில் வந்துவிட்டது. அவர் சமையல் பக்கம் முழுவதையும் கழற்றி, பேசின், பம்பு, அலமாரி எல்லாவற்றையும் இடம் மாற்றினார். முடித்ததும் அவளை நிற்க வைத்து, காலிச் சட்டியில் கரண்டியைப் போட்டுக் கிண்டச் சொன்னார். கரண்டி எதிலும் இடிக்கவில்லை. அவள் காலிச் சட்டியைக் கிண்டிக்கொண்டே அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு நாள் படுக்கைக்கு மேலே குறுக்காக ஒரு நீளப் பலகை வந்திருந்தது. இரண்டு பக்கமும் சங்கிலி. மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொண்டது, இறக்கினால் தட்டு மாதிரி நின்றது. ஓரத்தில் நான்கு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்திருந்தது. தலைமாட்டில் வேனின் தகரத்தையே வெட்டி ஒரு குட்டி ஜன்னல்.

"இது எதுக்கு?"

"சாமான் தட்டு. பெட்டி கிட்டி வைக்க."

"ரெண்டு பேருக்கு எத்தனை பெட்டி இருக்கப் போகுது? ஓரத்துல சட்டம் எதுக்கு?"

"வண்டி குலுங்கினா சாமான் உருளும்ல."

"ஜன்னல்?"

"காத்தோட்டத்துக்கு."

"சாமானுக்குக் காத்து வேணுமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!" என்று சிரித்தாள். அவர் சங்கிலியின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பலகை அசையவில்லை.

ஞாயிறு தவறாமல் போனும் நடந்தது. "அலமாரிக் கதவு மூடுதா பாப்பா?" "மூடுதுப்பா." "வேன் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. உங்கம்மாதான் ராணி மாதிரி ஒண்ணொண்ணா கேக்கறா." "மெதுவா செய்யுங்கப்பா, அவசரமே இல்ல." டோக்கனம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை முறித்துக்கொண்டிருப்பாள். மகளும் தானும் சேர்ந்துகொண்டு இந்த மனுஷரை ஏமாற்றுகிறோமே என்றிருக்கும். அவர் செய்கிற ஒவ்வொரு கதவும் இன்னும் கச்சிதமாக ஆகிறது, அவருடைய ஆசையும் கூடவே வளர்கிறது. வேலையைத் தள்ளிப்போடப் போய், விழப்போகிற அடியைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் சோறு இறங்கவில்லை.

கடைசியாகக் கழிப்பறை கேட்டாள். வேனுக்குள் எங்கே போட முடியும், இதோடு நிற்பார் என்று நம்பினாள். சுவரோடு கன்னத்தை ஒட்டி ஒரு கண்ணை மூடினார். "அரை இஞ்ச் இடிக்கும். பாத்துக்கறேன்." ஐந்தே நாள். மூடியைத் திறந்தால் கழிப்பறை, மூடினால் உட்காருகிற முக்காலி. மூடிக்கு மெத்தை வேறு.

கேட்க இனி ஒன்றும் இல்லை. ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு காலை அவர் பின்கதவுக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிக்கொண்டே சொன்னார்: "புதன்கிழமை கிளம்பறோம். நீ லீவு சொல்லிடு."

டோக்கனம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"என்னங்க. அவ வீட்டுல இடம் இல்லாம இல்ல."

அவர் கை நின்றது.

"நாம வர்றது அவளுக்குப் பிடிக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும், குரல்லயே தெரிஞ்சுது. போன் போட்டும் கேட்டேன். வர வேணாம், தள்ளிப் போடுன்னா. அதான் நான் எறும்பு, மெத்தைன்னு..."

அவர் பசை டப்பாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். எழுந்துபோய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். சோறு வைக்கிற நேரத்தில்கூட மேஜைக் காலை ஆட்டிப் பார்க்கிறவர். அன்று மத்தியானம் வரை அசையவில்லை. தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள், தொடவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வாசலுக்கும் சமையலறைக்கும் நூறு நடை நடந்தாள்.

இரண்டு மணிக்கு இறங்கி வந்தார்.

"அடுப்பு? அதுவும் சும்மா சொன்னதா?"

"இல்லங்க. அது நிஜம்."

தலையை ஆட்டினார். "சரி. புதன்கிழமை வேணாம். நாளைக்கே கிளம்பு."

"அவ வேணாங்கறான்னு சொல்றேனே!"

"அதை என் மூஞ்சியைப் பாத்து சொல்லட்டும். கேட்டுக்கறேன். அவளை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு, தெருமுனையில இதுலயே படுத்து எந்திரிச்சுத் திரும்பிடுவோம். யார் வீட்டுக் கட்டிலையும் கேக்கப் போறதில்ல." பிறகு குரல் தணிந்தது. "பாக்கணும்டி. மூணு வருஷம் ஆச்சு."

மறுநாள் மகளுக்குச் சொல்லாமலே கிளம்பினார்கள். வேன் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, இறக்கத்தில் பிடி கொடுக்காமல் ஓடியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் ஏதாவது கதவு திறக்கிறதா என்று கேட்டார். எதுவும் திறக்கவில்லை. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, அவள் இடது கையால் டீ போட்டுக் கொடுத்தாள். ருசியாக இருந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. அவள் திரும்பிப் போகலாம் என்று பத்துத் தடவை வாயெடுத்து, பத்துத் தடவையும் விழுங்கினாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் மகளின் தெருவுக்குள் நுழைந்தார்கள். வாசலில் நிறுத்தியதும் அவர் ஹாரன் அடிக்கக் கையை வைத்தார். அடிக்கவில்லை. இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, முடியிலிருந்த மரத்தூளைக் கையால் தட்டினார். முடியில் மரத்தூளே இல்லை. இரண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினார்கள்.

மகள்தான் திறந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததும் ரத்தம் வடிந்த மாதிரி முகம் வெளுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"உள்ளே யாரும்மா இருக்காங்க?" என்றாள் டோக்கனம்மா. சண்டைக்குத் தயாரான குரல். சொன்ன வார்த்தை உள்ளே போய், சுவரில் மோதி, அப்படியே திரும்பி வந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

ஹாலில் ஒன்றுமே இல்லை. சோபா இல்லை, மேஜை இல்லை, மின்விசிறிகூட இல்லை. அது தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது. தரையில் ஒரு பாய், ஒரு கெட்டில், ஒரே ஒரு கப். சுவரோரமாகச் சார்ஜரில் போன். கொழுந்தனும் இல்லை, கொழுந்தன் பெண்டாட்டியின் மாமியாரும் இல்லை. மாப்பிள்ளையின் செருப்பும் இல்லை.

அரையிஞ்சு கால் பழகின திசையில் நேராகப் படுக்கையறைக்குள் போனார். இரண்டு பெண்களும் பின்னால் ஓடினார்கள். அவர் வெறுஞ்சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அலமாரி இருந்த இடம் மட்டும் வெளிறி, அதே நீளத்துக்கு, அதே உயரத்துக்குத் தெரிந்தது. எட்டு இடத்தில் காரை பெயர்ந்து செங்கல் சிவப்பாக இருந்தது. அவர் ஒரு குழியில் உள்ளங்கையை வைத்தார்.

"நெம்பி எடுத்திருக்காங்க," என்றார். "எட்டே ஸ்குரூதான். திருப்பினா வந்திருக்கும். பத்து நிமிஷ வேலை."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவர் போயிட்டார்ப்பா. ஏழு மாசமாச்சு. லாரி கொண்டுவந்து எல்லாத்தையும் ஏத்தினார். எதை வேணா எடுத்துக்கங்க, அலமாரியை மட்டும் விட்டுடுங்கன்னேன். அதைத்தான் முதல்ல எடுத்தாங்க. கடப்பாரையால நெம்பினாங்கப்பா. கதவு என் கண்ணு முன்னாலயே பிளந்துச்சு." வெறுஞ்சுவரைக் காட்டினாள். "வாரா வாரம் மூடுதான்னு கேப்பீங்க. நீங்க வந்தா முதல்ல அதைத்தானே பாப்பீங்க? நான் எந்த முகத்தோட காட்டுவேன்?"

டோக்கனம்மாவுக்குத் தலையில் யாரோ கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. குரலில் பொய் இருக்கிறது என்று கண்டுபிடித்தாளே, அந்தப் பொய்க்குப் பின்னால் என்ன என்று ஒரு நாள் கேட்டாளா? மகள் மூக்கை உறிஞ்சியபோது அது அழுகை என்று தெரியவில்லையே! தன் ரோஷத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஐந்து மாதம் எறும்பையும் மெத்தையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இங்கே ஒற்றைக் கப்போடு கிடந்திருக்கிறாள். பத்தொன்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து என்னத்தைக் கிழித்தோம் என்று தன்னையே அறையலாம் போலிருந்தது. பாய்ந்துபோய் மகளைக் கட்டிக்கொண்டாள். மகள் எலும்பும் தோலுமாகக் கையில் அகப்பட்டாள்.

அரையிஞ்சு அறையைச் சுற்றிப் பார்த்தார். மேலே பார்த்தார், மூலையைப் பார்த்தார்.

"இவ்வளவு இடமா பாப்பா?" என்றார். "இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டா இடம் இல்லன்ன?"

அவர் அழுது டோக்கனம்மா பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அலமாரிதானே. மரம். போனாப் போகட்டும். நான் இன்னும் உசிரோடதானே இருக்கேன்? கையும் இருக்கு."

மகள் வெகுநேரம் அழுதாள். பிறகு, சின்ன வயதில் அடி வாங்கின பிறகு கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்: "வேன் எங்கப்பா?"

கீழே கூட்டிப் போனார்கள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களா என்றுகூட அவள் பார்க்கவில்லை. ஒன்பது நிற லேமினேட்டைப் பார்த்தாள், முக்காலியைத் திறந்து பார்த்து, "அய்யே!" என்று மூடினாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பாக இருக்கும். பிறகு அவள் கண் மேலே போனது. அவர் கொக்கியை எடுத்துப் பலகையை இறக்கினார். மகள் எதுவும் கேட்காமல் முக்காலியில் கால் வைத்து ஏறி, அதில் படுத்தாள்.

தலைமாட்டில் ஜன்னல் இருந்தது. கால் நீட்டிய இடத்தில் பலகை சரியாக முடிந்தது. ஓரச் சட்டம் அவள் இடுப்பை அணைத்துக்கொண்டு நின்றது. பத்து வயது வரைக்கும் தூக்கத்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துகொண்டிருந்த பெண் அவள். அப்போதும் இவர்தான் கட்டில் ஓரத்தில் ஒரு சட்டம் அடித்திருந்தார். டோக்கனம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சாமான் தட்டுன்னீங்க?" என்றாள் மெதுவாக.

"சாமான் தட்டுன்னுதான் ஆரம்பிச்சேன்." அவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேருக்குன்னுதான் கோடும் போட்டேன். மூணு பேர் குடும்பத்துக்கு ரெண்டு படுக்கையோட நிறுத்தக் கை வரல. வேற ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டு, வேலை முடிந்த வீட்டுக்காரர்களிடம் கேட்கிற மாதிரியே மேலே பார்த்துக் கேட்டார்: "பாப்பா, தலை இடிக்குதா?"

மகள் கையை உயர்த்திக் கூரையைத் தொட்டுப் பார்த்தாள். "எந்திரிச்சா இடிக்கும்ப்பா. படுத்தா இடம் இருக்கு."

"அப்ப படு."

அவள் கை ஓரச் சட்டத்தைத் தாண்டிக் கீழே தொங்கியது. டோக்கனம்மா அதைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்தாள். ஐந்து மாதமாக ஓரிடத்தில் நிம்மதியாக உட்காராத உடம்பு, இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்றது. வெளியே ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சீரான மூச்சு கேட்டது. பகல் பதினோரு மணிக்கு, தெருவின் அத்தனை சத்தத்துக்கு நடுவில், பாப்பா தூங்கிப்போயிருந்தாள். அரையிஞ்சு பின்கதவை இழுத்து மூடினார். ரப்பர் நன்றாகப் பிடித்திருந்தது, சத்தமே வரவில்லை.